எண்ணெய் ஊரில் எரிவாயு விலை: கஜகஸ்தான் பொருளாதாரம் குறித்து ஒரு விவாத இழை

வெள்ளாறு எழுதியது:

2022 ஜனவரி 2ஆம் நாள் கஜகஸ்தானின் மேற்குக் கோடியில் உள்ள ஜனாவோசென் என்ற ஊரில் மக்கள் சாலையில் இறங்கி மறியல் செய்தார்கள். வண்டிகளுக்கு நிரப்பும் திரவ எரிவாயு, புத்தாண்டு பிறந்ததும் லிட்டருக்கு 120 டெங்கே (அந்நாட்டு நாணயம்) ஆகிவிட்டது என்பதுதான் காரணம். அதற்குச் சில காலம் முன்புவரை ஏறத்தாழ அதில் பாதி விலைக்கே அது கிடைத்துவந்தது. ஜனாவோசென் எண்ணெய்க்காகவே எழுப்பப்பட்ட ஊர். 1961இல் கண்டறியப்பட்ட உசென் எண்ணெய் வயல் ஊரை ஒட்டியே கிடக்கிறது. எரிவாயுவைப் பிரித்தெடுக்கும் ஆலையும் அதே ஊரில்தான் இருக்கிறது. மூன்றே நாளில் அந்தக் கோபம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அல்மாட்டி வரை பரவி, நகராட்சிக் கட்டடம் எரிந்தது. அரசுக் கணக்கின்படியே நாடு முழுவதும் 238 பேர் உயிரிழந்தனர்.

இத்தனைக்கும் இது ஏழை நாடு அன்று. பரப்பில் உலகின் ஒன்பதாவது நாடு. மக்கள்தொகையோ 2023 நவம்பரில்தான் 2 கோடியைத் தொட்டது. உலகில் வெட்டியெடுக்கப்படும் யுரேனியத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இங்கிருந்தே வருகிறது. குரோமியம், செம்பு, நிலக்கரி, வடக்கே கோதுமை என்று பட்டியல் நீளும். தலைக்கு ஆண்டு வருமானம் சுமார் 14,000 டாலர் என்று கணக்கிடுகிறார்கள்.

இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், மண்ணின் வளமே நாட்டைக் கெடுக்கிறது என்னும் பொருளில் ‘வளத்தின் சாபம்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் மனம் ஒப்பவில்லை. சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. கிணற்றிலிருந்து ஊர்வரை பணம் வந்துசேரும் வழியில் அது எங்கெங்கே நின்றுவிடுகிறது, அந்த இடங்களை யார் எப்போது தீர்மானித்தார்கள் என்று பார்த்தால் பயன் இருக்கும் என்று கருதுகிறேன். அறிந்தவர்கள் எழுதுங்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களின் கதை இது. இதில் ஆராய்வதற்கு அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2022 ஜனவரியில் அதிபர் டோகாயேவே தொழிலதிபர்கள் முன்னிலையில், நாட்டின் செல்வத்தில் பாதி 162 பேர் கையில் இருப்பதாகவும், மக்களில் பாதிப் பேரின் மாத வருமானம் 50,000 டெங்கேக்கு மேல் இல்லை என்றும் ஓர் ஆய்வை மேற்கோள் காட்டிப் பேசினாரே. பணம் எங்கே நின்றது என்பதற்கு அதைவிட நேரான விடை உண்டா?

வெள்ளாறு எழுதியது:

ஐயா, வெண்ணெய் கையில் இருந்தது உண்மைதான். ஆனால் உருக்கும் அடுப்பு பக்கத்து வீட்டில் அல்லவா இருந்தது. வடமேற்கில் ரஷ்ய எல்லையருகே கராச்சகனாக் என்ற பெரும் எரிவாயு வயல் இருக்கிறது. அந்த வயலைச் சோவியத் திட்டக்காரர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், ஓரன்பர்கில் அமைந்திருந்த எரிவாயு தூய்மைப்படுத்தும் ஆலையோடு இணைத்துவிட்டார்கள். ஒரே நாடாக இருந்த காலத்தில் அதில் பிழை காண முடியாது. 1991க்குப் பிறகோ, தன் எரிவாயுவைத் தூய்மைப்படுத்தக்கூட அண்டை நாட்டின் வாசலுக்குப் போய், அவர்கள் சொல்லும் விலைக்கு இசைய வேண்டிய நிலை ஏற்பட்டது.

எண்ணெயின் கதையும் அதுதான். ஏற்றுமதியாகும் எண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு, தெங்கிஸ் வயலிலிருந்து கருங்கடற்கரையில் உள்ள நோவோரோசிஸ்க் வரை செல்லும் சுமார் 1,500 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே குழாயில் போகிறது. 2001இல் திறக்கப்பட்ட அந்தக் குழாயின் பெரும்பகுதி ரஷ்ய மண்ணில் கிடக்கிறது. 2022 மார்ச்சில் புயலால் சேதம் என்று நின்றது; அதே ஆண்டு ஜூலையில் ரஷ்ய நீதிமன்றம் ஒன்று 30 நாள் நிறுத்தச் சொன்னது (மேல்முறையீட்டில் அது அபராதமாகச் சுருங்கியது); 2025 பிப்ரவரியில் அதன் பம்பு நிலையம் ஒன்றை உக்ரைனின் டிரோன்கள் தாக்கின. தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு போரில் இந்த நாட்டின் வரவுசெலவுத் திட்டம் அடிபடுகிறது. ரஷ்யத் துறைமுகங்கள் வழியாகப் போகும் தன் எண்ணெயை வாங்குவோர் ரஷ்ய எண்ணெய் என்று எண்ணி ஒதுங்கிவிடக் கூடாதே என்று, 2022இல் அதற்குத் தனிப் பெயரே சூட்ட வேண்டியிருந்தது. சீனாவுக்குக் குழாய் உண்டு. காஸ்பியன் கடலைத் தாண்டி அசர்பைஜானின் பாகூ வரை கப்பலும் உண்டு. ஆனால் முதலாவதன் கொள்ளளவு சிறிது. இரண்டாவதற்கோ கடலே வற்றிக்கொண்டிருக்கிறது, கஜகஸ்தான் கரையிலுள்ள அக்தாவ் துறைமுகத்தைத் தூர்வார வேண்டியிருக்கிறது.

162 பேர் என்ற கணக்கை நான் மறுக்கவில்லை. அவர்கள் கைக்குப் போவதற்கு முன்பே பணம் நிற்கும் இடங்கள் உண்டு என்பதுதான் நான் சொல்ல வருவது.

பழையகாயல் எழுதியது:

தெங்கிஸ் விரிவாக்கத் திட்டத்தில் வெல்டிங் ஆய்வாளராக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் நான். நேரில் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அங்கே இறங்கியதும் முதல் பாடம் எண்ணெயைப் பற்றியது அன்று, காற்றைப் பற்றியது. தெங்கிஸ் எண்ணெயோடு வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு மிக அதிகம். அளவு கூடிவிட்டால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். மார்புச் சட்டையில் ஒரு சிறிய கருவி எப்போதும் செருகியிருக்கும். அது கத்தினால் கம்பத்தில் பறக்கும் காற்றுப் பையைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும். தாடி வைக்கக் கூடாது, முகமூடி ஒட்டாது. என்னோடு வந்த ஒருவர், பழனிக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த தாடியை முதல் நாளே எடுக்க நேர்ந்ததை ஊர் திரும்பும்வரை சொல்லிச் சொல்லி வருந்தினார்.

அந்த வாயுவிலிருந்து பிரித்த கந்தகத்தை ஒருகாலத்தில் மைதானம் மைதானமாக மஞ்சள் பாளங்களாக அடுக்கி வைத்திருந்தார்களாம். அதற்காகவே 2007இல் அரசு பெருந்தொகை அபராதம் விதித்தது. நான் போனபோது அவையெல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தன. அவை இருந்த இடத்தை மட்டும் பழைய ஆட்கள் காட்டினார்கள்.

இனி வெள்ளாறு ஐயா கேட்டதற்கு வருகிறேன். இந்த விரிவாக்கத்துக்கு 2016இல் போட்ட மதிப்பீடு 3,680 கோடி டாலர். முடியும்போது சுமார் 4,800 கோடி டாலர் ஆயிற்று. 2025 ஜனவரியில்தான் எண்ணெய் வந்தது. அவ்வளவு பணமும் கஜகஸ்தானில் செலவாயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். ஆலையின் பெரிய பகுதிகள் பல தென்கொரியக் கப்பல் பட்டறைகளில் வீட்டளவுப் பெட்டிகளாகக் கோத்து முடிக்கப்பட்டு, கடல் சுற்றி, வோல்கா-டான் கால்வாய் வழியாகக் காஸ்பியனுக்குள் வந்தன. நாங்கள் செய்ததெல்லாம் வந்திறங்கிய பெட்டிகளைக் குழாய்களால் இணைத்ததுதான். நான் ஆய்வுசெய்த இணைப்புகளில் பாதிக்கு மேல் கொரியாவில் பற்றவைக்கப்பட்டவை. அந்தக் கூலியும், அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அங்கேயே தங்கிவிட்டன.

சம்பளமும் ஒரு புண். நான் இருந்த ஒப்பந்த நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) ஒரே மேசையில் ஒரே பணியைச் செய்த மூவருக்கு மூன்று விதமான சம்பளம். ஐரோப்பியர் உச்சியில், என்னைப் போன்றவர்கள் நடுவில், உள்ளூர்க்காரர் கீழே. என் சம்பளத்திலும் ஊரில் இருந்த தரகர் இரண்டு மாதத்தை விழுங்கினார் என்பது வேறு கதை. 2019 கோடையில் அங்கே உள்ளூர்த் தொழிலாளர்கள் வெளிநாட்டவரைத் துரத்தி அடித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு புகைப்படத்தை அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். அந்தச் சம்பளப் பட்டியலைப் பார்த்தவனுக்கு, புகைப்படம் வெறும் தீக்குச்சி என்பது தெரியும்.

செம்மண் எழுதியது:

எல்லோரும் ஒரே திசையில் இழுப்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த எரிவாயு விலை. பல ஆண்டுகளாக அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்த விலை, தயாரிப்புச் செலவுக்கும் கீழே இருந்தது. நட்டத்துக்கு விற்கும் பொருளுக்காக யார் புதிய ஆலை கட்டுவார்கள்? மலிவாகக் கிடைக்கிறது என்று ஜனாவோசென் இருக்கும் மங்கிஸ்தாவ் மாநிலத்தில் பெரும்பாலான வண்டிகளை எரிவாயுவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு பக்கம் தேவை ஏற, மறுபக்கம் உற்பத்தி தேங்க, தட்டுப்பாடு வந்தது. 2022 ஜனவரி 1 முதல் முழுக்கச் சந்தை விலை என்று அறிவித்ததில் பொருளாதார நியாயம் இருந்தது. கலவரத்துக்கு அஞ்சி அங்கே விலையை மீண்டும் 50 டெங்கேக்கு இறக்கினார்களே, அதனால் பழைய நோய் தீர்ந்துவிட்டதா என்ன?

இரண்டாவது, ஒப்பந்தங்கள். 1993இல் தெங்கிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது கஜகஸ்தானுக்குச் சொந்த நாணயம்கூட இல்லை. டெங்கே அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் நாள்தான் பிறந்தது. விலைவாசி ஆண்டுக்கு ஆயிரம் விழுக்காட்டுக்கும் மேல் ஏறிக்கொண்டிருந்தது, ஆலைகள் மூடிக்கிடந்தன, ஓய்வூதியம் மாதக்கணக்கில் பாக்கி. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே, கடும் அழுத்தத்தில், நச்சு வாயுவோடு கிடக்கும் எண்ணெயை எடுக்கும் திறனும் முதலும் கையில் இல்லாத ஓர் அரசு வேறு என்ன செய்திருக்க முடியும்? அமெரிக்க நிறுவனமான செவ்ரானுக்கு 50 விழுக்காடு, இன்று இன்னொரு அமெரிக்க நிறுவனமான எக்ஸான்மொபிலுக்கு 25, கஜகஸ்தான் அரசு நிறுவனத்துக்கு 20, ரஷ்யாவின் லூக்காயிலுக்கு 5 என்ற பங்கைப் பார்த்து இப்போது பொருமலாம். ஆனால் 1998இல் எண்ணெய் பீப்பாய்க்கு 12 டாலர் அளவுக்கு விழுந்தபோது அந்த இடரைச் சுமந்தவர்கள் யார்?

கஷகானைப் பாருங்கள். 2000இல் கண்டறியப்பட்ட வயல். காஸ்பியனின் வடகோடியில், ஆழமே இல்லாத, குளிர்காலத்தில் உறைந்துவிடும் நீரில் செயற்கைத் தீவுகள் கட்டித் துளையிட வேண்டியிருந்தது. 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கிச் சில வாரங்களிலேயே, பழையகாயல் ஐயா சொன்ன அதே ஹைட்ரஜன் சல்பைடு குழாய்களை விரிசல்விடச் செய்தது. அத்தனையையும் பிடுங்கி மாற்றி, 2016இல்தான் திரும்பவும் எண்ணெய் வந்தது. இத்தகைய வேலையை ஏற்பவர்கள் சாதகமான நிபந்தனை கேட்பது இயல்புதான்.

வெள்ளாறு எழுதியது:

செம்மண் ஐயாவின் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் கஷகான் அவர் கட்சிக்குச் சாட்சி சொல்லுமா என்பது ஐயம். 1997இல் செய்த அந்த உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தின் அமைப்பு என்ன? நிறுவனங்கள் போட்ட செலவை முதலில் எண்ணெயாக எடுத்துக்கொள்ளும். அது மீளும்வரை அரசின் பங்கு மிகச் சிறிது. அப்படியானால் செலவு ஏற ஏற அரசின் பங்கு தள்ளிக்கொண்டே போகிறது. விரிசல்விட்ட குழாயின் சுமையில் ஒரு பகுதி, கடைசியில் ஜனாவோசெனில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட வேண்டிய பணத்தின் தலையில் விழுகிறது. இடரை யார் சுமந்தார்கள் என்று கேட்டீர்களே, அதற்குப் பாதி விடை இது. ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் இன்றுவரை மக்கள் படிக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது அரசே அந்தக் கூட்டமைப்பின்மீது நடுவர் மன்றத்தில் வழக்கு நடத்துகிறது. கோரும் தொகை 16,000 கோடி டாலரையும் தாண்டிவிட்டது.

நமக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. கஷகானில் கொனோக்கோஃபிலிப்ஸ் வைத்திருந்த 8.4 விழுக்காட்டுப் பங்கைச் சுமார் 500 கோடி டாலருக்கு வாங்க நம் ஓ.என்.ஜி.சி. 2012இல் உடன்பாடு செய்தது. தனக்கு முன்னுரிமை உண்டு என்று கஜகஸ்தான் அதைத் தானே எடுத்து, 2013இல் சீன நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. பலமற்ற அரசு என்று 1993க்குச் சொல்லலாம். 2013இல் அவர்கள் பேரம் பேசத் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள்.

அல்மாட்டியிலிருந்து எழுதியது:

வணக்கம். 2021 முதல் இங்கே மருத்துவம் படிக்கும் மாணவி நான். பொருளாதாரம் அறியேன், ஆனால் ஒன்றிரண்டு விஷயங்களைச் சொல்லத் தோன்றுகிறது.

பெரியவர்கள் எண்ணெயைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த ஊரில் நவம்பர் முதல் மார்ச் வரை நாங்கள் சுவாசிப்பது நிலக்கரி. நகரின் வெப்ப மின்நிலையம் இன்னும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. எரிவாயுவுக்கு மாற்றும் பணி நடக்கிறது. காலையில் வெள்ளையாக விழும் பனி மூன்றாம் நாள் சாம்பல் நிறமாகிவிடும். என் அறைச் சன்னலிலிருந்து மலை தெரிய வேண்டும். குளிர்காலத்தில் அது இருக்கும் திசையை நினைவால்தான் அறிய வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு நிலக்கரியிலிருந்து வருகிறது என்று படித்தேன். எண்ணெயும் எரிவாயுவும் மேற்கே, ஆட்கள் தெற்கே, நிலக்கரி வடக்கே. நடுவில் வெறும் புல்வெளி. 2022 நவம்பரில், நிலக்கரிச் சுரங்கத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும் எகிபாஸ்துஸ் நகரில் வெப்பக் குழாய்கள் வெடித்து, கழித்தல் 30 பாகையில் வீடுகள் உறைந்தன.

நல்லதையும் சொல்ல வேண்டும். இங்கே பச்சைச் சந்தையில் உலர்ந்த திராட்சை விற்கும் பாட்டிகூடக் காசு வாங்குவதில்லை. கியூஆர் அட்டையை நீட்டுவார். காஸ்பி என்ற செயலியில்தான் கடன், வரி, கடைச் சாமான், ரயில் சீட்டு எல்லாம். அந்த நிறுவனம் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. மண்ணுக்கடியிலிருந்து எடுக்காத ஒன்றும் இந்த நாட்டில் விளைகிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் 2022 ஜனவரி 5 அன்று இணையத்தை அரசு துண்டித்தபோது அதே சந்தை ஊமையாகிவிட்டது. கையில் நோட்டு வைத்திருந்தவர்கள் மட்டும் ரொட்டி வாங்கினார்கள். எங்கள் விடுதியில் பதினொரு பேரிடம் சேர்த்து 4,000 டெங்கே இருந்தது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

என் முதல் பதிவு அவசரத்தில் எழுதியது, ஒப்புக்கொள்கிறேன். தேசிய நிதியத்தைப் பற்றி யாரும் பேசாததால் அதை எழுதுகிறேன். பணம் நிற்கும் இடம் என்றால் சட்டப்படி நிற்க வேண்டிய இடம் அதுதானே.

நார்வேயைப் பார்த்து 2000இல் அமைத்தார்கள். எண்ணெய் நிறுவனங்கள் கட்டும் வரி நேரே நிதியத்துக்குப் போகும். அதிலிருந்து ஆண்டுதோறும் ஒரு குறித்த தொகை மட்டும் வரவுசெலவுத் திட்டத்துக்கு வரும். மிச்சம் வெளிநாட்டுப் பத்திரங்களில் வளரும். ஏட்டில் குறை சொல்ல முடியாத திட்டம். 2014இல் நிதியம் சுமார் 7,700 கோடி டாலரை எட்டியது. அந்த ஆண்டே எண்ணெய் விலை சரிந்தது. அதன்பின் வந்த பத்து ஆண்டுகளில், எத்தனையோ நல்ல விலைக் காலங்கள் வந்துபோயும், இருப்பு பழைய உச்சத்துக்குத் திரும்பாமல் 6,000 கோடியை ஒட்டியே ஊசலாடிற்று. குறித்த தொகை போதவில்லை என்று ‘குறிப்பிட்ட நோக்கத்துக்கான மாற்றல்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் இன்னொரு கை நீளும்.

கணக்கு எழுதிப் பழகிய எனக்கு மிகவும் சுவையாக இருந்தது 2023இல் நடந்தது. அரசின் நலநிதி நிறுவனமான சம்ருக்-கசினா தன்னிடமிருந்த தேசிய எண்ணெய் நிறுவனப் பங்குகளில் ஒரு பகுதியைத் தேசிய நிதியத்துக்கு 1.3 இலட்சம் கோடி டெங்கேக்கு விற்றது. வந்த பணத்தை ஈவுத்தொகை என்று அரசுக்குக் கட்டியது. விற்றதும் அரசு, வாங்கியதும் அரசு, பங்கு இருந்ததும் இருப்பதும் அரசு வீட்டில். நகர்ந்தது சேமிப்பிலிருந்து செலவுக்குப் போன பணம் மட்டும். வலப்பைக் காசை இடப்பைக்கு மாற்றி அதை வருமானம் என்று எழுதினால், நான் வேலை பார்த்த கடை முதலாளி அன்றைக்கே ஏட்டைப் பிடுங்கியிருப்பார்.

2024 முதல் நிதியத்தின் முதலீட்டு வருவாயில் பாதியைக் குழந்தைகளின் பெயரில் வரவு வைக்கிறார்கள். 18 வயதானதும் வீட்டுக்கோ படிப்புக்கோ எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டு ஒரு குழந்தைக்கு வந்தது 100.52 டாலர். யோசனை நல்லது, தொகையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இதற்கிடையே டெங்கே என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். 2014 பிப்ரவரியில் ஒரே நாளில் டாலருக்கு 155இலிருந்து 185 ஆக்கினார்கள். 2015 ஆகஸ்டில் அதன் மதிப்பைச் சந்தையின் போக்கில் மிதக்க விட்டதும் 188இலிருந்து 255 ஆயிற்று. வரவு டாலரில் இருப்பவனுக்கு இது ஆதாயம். எண்ணெய் நிறுவனத்துக்கும் அரசின் ஏட்டுக்கும் சிறிதும் நட்டமில்லை. டெங்கேயில் சம்பளம் வாங்கி, சீனத்துச் சட்டையும் ரஷ்ய மாவுப் பலகாரமும் வாங்குபவனிடமிருந்து எடுத்துத்தான் அந்தக் கணக்கு நேர் செய்யப்பட்டது. எனவே செம்மண் ஐயா, 2022இல் எரிவாயு விலை ஏற்றத்துக்குப் பொருளாதார நியாயம் இருந்ததாகச் சொன்னீர்கள். அந்த நியாயத்தை ஏழாண்டுக்கு முன்பே சம்பளம் சுருங்கிப்போனவனிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

செம்மண் எழுதியது:

அதை ஏற்கிறேன். விலையை விடுவிப்பதற்கு முன் வருமானத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றையும் பதிவு செய்கிறேன்: 2000க்குப் பின் இந்த நாட்டில் வறுமை பெருமளவு குறைந்தது என்பதும் உண்மை, அண்டையிலுள்ள துர்க்மெனிஸ்தானோடு ஒப்பிட்டால், குறைந்தபட்சம் நாம் இங்கே விவாதிக்க எண்களாவது கிடைக்கின்றன.

வெள்ளாறு எழுதியது:

எண்கள் கிடைக்கின்றன என்பது சிறிய விஷயம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

யுரேனியத்தைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே சுரங்கம் வெட்டுவதில்லை. மண்ணுக்குள் கந்தக அமிலத்தைச் செலுத்தி, கரைந்துவரும் யுரேனியத்தை உறிஞ்சுகிறார்கள். 2024இல் அந்த அமிலம் போதாமல் அரசின் யுரேனிய நிறுவனமான கசாட்டம்புரோம் தன் உற்பத்தி இலக்கைக் குறைக்க நேர்ந்தது. பழையகாயல் ஐயா சொன்ன மஞ்சள் பாளங்களை நினைத்துக்கொண்டேன். ஒரு மூலையில் கந்தகத்தை வைக்க இடமில்லாமல் அபராதம். பதினேழு ஆண்டு கழித்து மறு மூலையில் அமிலத்துக்குத் தட்டுப்பாடு. நடுவில் இருக்க வேண்டிய அமில ஆலையை இப்போதுதான் கட்டுகிறார்கள். உடைந்துபோன ஒரு பெரிய நாட்டின் துண்டு என்பதால் வந்த குறை என்று பைப்லைனைச் சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

அல்மாட்டியிலிருந்து எழுதியது:

பழையகாயல் அண்ணனிடம் ஒரு கேள்வி. 2022 ஜனவரியில் நீங்கள் தெங்கிஸில்தான் இருந்தீர்களா? இங்கே நாங்கள் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்தோம். அங்கே உள்ளூர்க்காரர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்?

பழையகாயல் எழுதியது:

இருந்தேன், தங்கை. அங்கே கலவரம் எதுவும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே கூடினார்கள், அவ்வளவுதான். இணையம் இல்லாததால் ஐந்து நாள் வீட்டுக்குப் பேச முடியவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் ஜனாவோசெனைச் சேர்ந்தவர். 2011 டிசம்பர் 16 அன்று, ஏழு மாத வேலைநிறுத்தத்துக்குப் பின், அந்த ஊரில் காவல்துறை சுட்டதில் குறைந்தது 16 பேர் இறந்தார்களே, அன்றைக்குச் சதுக்கத்தில் இருந்தவர். அதைப் பற்றி அவராக ஒருநாளும் பேசியதில்லை; நானும் கேட்டதில்லை. ஜனவரி 3 என்று நினைக்கிறேன், கூட்டம் சேர்வதற்கு முன் நாங்கள் ஒரு குழாய் இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரில் என்ன சண்டை என்று கேட்டேன். எனக்கு ரஷ்ய மொழி அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் அதைவிடக் குறைவு. அளவு குறிக்கும் சாக்கட்டியை எடுத்து அந்தக் குழாயின் மேலேயே எழுதிக் காட்டினார். தம்முடைய வண்டியின் எரிவாயு உருளை 50 லிட்டர். 60 பெருக்கல் 50, 3,000. அதற்குக் கீழே 120 பெருக்கல் 50, 6,000. அதற்குக் கீழே, வாரத்துக்கு இரண்டு தடவை என்று இரண்டு கோடு கிழித்தார்.

பிறகு அதை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, டார்ச் விளக்கை என் கையில் கொடுத்து அடுத்த இணைப்பைக் காட்டினார். கொரியாவிலிருந்து வந்த இணைப்பு அது. நன்றாகத்தான் பற்றவைத்திருந்தார்கள்.